சிலை இல்லாத சதுக்கம்

கார் இல்லாதவன் அமெரிக்காவில் அரை மனிதன். மளிகைக் கடைக்குப் போகக் கார் வேண்டும். பூங்காவில் நடைப்பயிற்சி செய்யவும், அந்தப் பூங்காவுக்குப் போய்ச் சேரக் கார் வேண்டும். இந்த விதிக்கு அடங்காத சில ஊர்களில் ஒன்று சவானா. ஜார்ஜியா மாநிலத்தின் கடலோரத்தில், சவானா ஆற்றின் கரையில் இருக்கும் பழைய துறைமுகம். அதன் பழைய நகரத்தைக் காலாலேயே அளந்துவிடலாம். கால் வலித்தால் கவலையில்லை. ஐந்து நிமிட நடைக்கு ஒரு சதுக்கம் வரும். மரம் இருக்கும், பெஞ்ச் இருக்கும், உட்கார்ந்தால் ஏனென்று கேட்க ஆள் இருக்காது.

என் தம்பி மகள் அங்கே கலைக் கல்லூரியில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது என் பையில் முடிக்காத வேலை ஒன்று இருந்தது. எங்கள் கிராமத்தில் என் தாத்தா தொடங்கிய பள்ளிக்கூடத்துக்கு நூற்றாண்டு விழா வருகிறது. விழா மலருக்குத் தாத்தாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். குடும்பத்தில் எழுதத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்த மாதிரித் தண்டனைகளிலிருந்து தப்ப முடியாது. ஒன்றரைப் பக்கம் எழுதியாகிவிட்டது. மீதி அரைப் பக்கத்தை ஏதாவது ஒரு மரத்தடியில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். சவானாவில் மரத்தடிக்கா பஞ்சம்?

இந்தச் சதுக்கங்கள் ஊர் வளர்ந்தபோது தாமாக முளைத்தவை அல்ல. 1733 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஓகல்தார்ப் என்ற ஆங்கிலேயர் நூற்றுச் சொச்சம் குடியேறிகளுடன் இங்கே வந்து இறங்கினார். காட்டை வெட்டுவதற்கு முன்பே ஊரின் வரைபடம் அவர் மனதில் இருந்தது. ஊர் பல பேட்டைகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பேட்டைக்கும் நடுவில் ஒரு திறந்த சதுக்கம். அதற்கு வடக்கிலும் தெற்கிலுமாக நாற்பது வீட்டு மனைகள். கிழக்கிலும் மேற்கிலுமாகப் பொதுக் கட்டடங்களுக்கு நான்கு பெரிய மனைகள். ஊர் பெருக்கப் பெருக்க இதே அச்சைப் பக்கத்தில் இன்னொரு முறை பதித்துக்கொண்டே போனார்கள். 1851-ல் சதுக்கங்களின் எண்ணிக்கை 24 ஆயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் கார்கள் வந்து அவற்றில் மூன்றை விழுங்கின. இரண்டு சதுக்கங்களை நெடுஞ்சாலை அறுத்துக்கொண்டு போயிற்று. மூன்றாவதான எல்லிஸ் சதுக்கத்தில் ஊர்ச் சந்தை இருந்தது. 1954-ல் அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் அடுக்குக் கார் நிறுத்தம் கட்டினார்கள். அந்த அதிர்ச்சியில் ஒரு நல்லது நடந்தது. அடுத்த ஆண்டே ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு அமைப்பைத் தொடங்கி, இடிபடவிருந்த டேவன்போர்ட் வீட்டை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். பழைய சவானா இன்று பார்க்கக் கிடைப்பதற்கு அந்தப் பெண்கள்தான் காரணம். கார் நிறுத்தமும் பிறகு பூமிக்கு அடியில் போய், 2010-ல் எல்லிஸ் சதுக்கம் திரும்பி வந்தது. ஆக, இன்று 22.

நான் உட்காரத் தேர்ந்தெடுத்தது அவற்றில் தெற்குக் கோடியில் இருக்கும் ஒன்றை. காரணம் எதுவுமில்லை, அங்கே கூட்டம் இல்லை. சிப்பேவா சதுக்கத்தில் ஓகல்தார்ப்பின் சிலையை விட, 1994-ல் வந்த ‘ஃபாரஸ்ட் கம்ப்’ படத்தில் டாம் ஹாங்க்ஸ் உட்கார்ந்த பெஞ்சைத் தேடி வருகிறவர்களே அதிகம். அந்த பெஞ்ச் படப்பிடிப்புக்காகக் கொண்டுவந்து போட்டது, இப்போது அது அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று தெரிந்தபிறகும் சிரித்துக்கொண்டே வேறொரு பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சதுக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு பக்கம் இரட்டைக் கோபுரத்துடன் மெதடிஸ்ட் தேவாலயம். இன்னொரு பக்கம் மாஸி பள்ளி என்ற பழைய கட்டடம். சுற்றிலும் உயரமான படிக்கட்டுகள் வைத்த வீடுகள். தலைக்கு மேலே ஓக் மரங்கள். குளிர் காலத்திலும் இலை உதிர்க்காத ஜாதி. கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் சடைசடையாகத் தொங்குவதை ஸ்பானிஷ் பாசி என்கிறார்கள். அது ஸ்பெயினைச் சேர்ந்ததும் அல்ல, பாசியும் அல்ல. அன்னாசிக்கு உறவான ஒரு செடி. மரத்திலிருந்து உணவு எதையும் உறிஞ்சாமல் காற்றிலும் மழையிலும் வாழ்கிறது. பெயரை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்பதற்கு அங்கே கிடைத்த முதல் பாடம் அது.

இரண்டாவது பாடம் சதுக்கத்தின் பெயர்ப் பலகையில் இருந்தது. டெய்லர் சதுக்கம். ஓரமாகப் போகும் தெருவுக்கும் டெய்லர் தெரு என்றுதான் பெயர். மெக்சிகோ யுத்தத்தில் வென்று, பிறகு ஜனாதிபதியான ஸக்கரி டெய்லரின் பெயர் அது. படித்த பெருமை விடுமா? தம்பி மகளிடம் அதை விளக்கிச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். “தெருவுக்குச் சரி பெரியப்பா. சதுக்கம் வேற டெய்லர்.”

ஜனாதிபதி டெய்லர் நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளுக்குச் சொந்தக்காரர். சதுக்கத்துக்குப் பெயர் தந்திருக்கும் டெய்லர் அடிமையாகப் பிறந்தவர். இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. விவரம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுப் போய்விடுவோம்.

2022 வரை அந்த இடத்துக்குக் கால்ஹூன் சதுக்கம் என்று பெயர். ஜான் கால்ஹூன் அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக 1825 முதல் 1832 வரை இருந்தவர். ஜார்ஜியாக்காரர் கூட இல்லை, பக்கத்து மாநிலமான தென் கரோலினாவைச் சேர்ந்தவர். அடிமைகளை வைத்திருந்த அரசியல்வாதிகள் அந்தக் காலத்தில் ஏராளம். அவர்களில் பலர் அதைத் தவிர்க்க முடியாத தீமை என்று சொல்லிக் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். கால்ஹூனிடம் அந்த வெட்கம் இல்லை. அடிமை முறை இரு தரப்புக்கும் நன்மையானது என்று 1837-ல் செனட் சபையிலேயே வாதாடியவர் அவர். 1850-ல் இறந்தார். மறு ஆண்டு உருவான சதுக்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஊர் தெற்கே வளர்ந்து வருவதற்கு முன் அடிமைகளைப் புதைக்கும் இடுகாடு இந்தப் பகுதியில்தான் இருந்தது. புதைந்தவர்களின் பெயர் ஒன்றும் மிஞ்சவில்லை. அடிமைத்தனத்துக்காக வாதாடியவரின் பெயர் 171 வருடம் நின்றது.

சவானாவைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் எழுதும் ஒரு நல்ல வாக்கியம் உண்டு. அடிமை முறையைத் தடை செய்த ஆங்கிலக் குடியேற்றம் ஜார்ஜியா. உண்மைதான். 1735-ல் தடை செய்தார்கள். முழுக்கக் கருணையால் அல்ல. தெற்கே ஃப்ளோரிடாவில் ஸ்பெயின்காரர்கள் இருந்தார்கள். அடிமைகள் அவர்களிடம் தப்பி ஓடிவிடுவார்கள் என்ற பயமும், ஏழை வெள்ளையர்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற கவலையும் சேர்ந்திருந்தன. நெல் விளைத்துப் பணம் பார்த்த தென் கரோலினாக்காரர்களைப் பார்த்து இங்கிருந்தவர்களுக்கும் ஆசை வந்தது. 1751-ல் தடை நீங்கியது. பதினாறு வருடம்தான் அந்த நல்ல வாக்கியத்துக்கு ஆயுள். அதன்பின் 1859 மார்ச்சில், சவானாவுக்கு வெளியே ஒரு குதிரைப் பந்தய மைதானத்தில், ஒரே முதலாளிக்குச் சொந்தமான 436 பேரை இரண்டு நாள் ஏலம் போடக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வசூல் 3,03,850 டாலர். இரண்டு நாளும் மழை கொட்டியதாம். கறுப்பின மக்கள் அந்த ஏலத்தை ‘அழுகைக் காலம்’ என்ற பெயரால் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஏலம் நடந்தபோது சூசி என்ற சிறுமி சவானாவில் பாட்டியுடன் வசித்துக்கொண்டிருந்தாள். 1848-ல் ஊருக்குத் தெற்கே ஒரு பண்ணையில் அடிமைகளுக்குப் பிறந்தவள். ஏழு வயது வாக்கில் பாட்டியிடம் வந்து சேர்ந்தாள். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத் தருவது ஜார்ஜியாவில் குற்றம். ஆனால் சுதந்திரம் பெற்ற கறுப்பின விதவை ஒருவர் தன் வீட்டில் ரகசியமாக ஒரு பள்ளி நடத்தினார். இருபத்தைந்து முப்பது பிள்ளைகள். புத்தகத்தைக் காகிதத்தில் பொதிந்து, போலீஸ்காரர் கண்ணிலோ வெள்ளையர் கண்ணிலோ படாமல், ஒருவர் பின் ஒருவராக உள்ளே போக வேண்டும். ஏதோ கைத்தொழில் பழகப் போகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள்.

படித்த படிப்பு உடனே பயன்பட்டது. இரவில் வெளியே நடமாட அடிமைகளுக்கு எஜமானர் எழுதிய அனுமதிச் சீட்டு வேண்டும். சூசி தன் பாட்டிக்கு அந்தச் சீட்டுகளை எழுதித் தந்தாள். கோணல்மாணலான குழந்தை எழுத்து ஒரு கிழவியைச் சிறைக்குப் போகாமல் காப்பாற்றியிருக்கிறது. படிப்பை ஏன் தடுத்தார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

1862 ஏப்ரலில் உள்நாட்டுப் போரின் நடுவே வடக்குப் படை சவானாவுக்கு வெளியே இருந்த புலாஸ்கி கோட்டையைப் பிடித்தது. சூசி தன் மாமா குடும்பத்துடன் அந்தப் பக்கம் தப்பிப் போனாள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்று கண்ட அதிகாரிகள் ஒரு தீவில் பள்ளி நடத்தும் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆசிரியைக்கு வயது பதினான்குதான். பகலில் நாற்பது குழந்தைகள், இரவில் அவர்களின் பெற்றோர்கள். பிறகு கறுப்பினப் படைப் பிரிவு ஒன்றுடன் போனார். துணி துவைத்தார், காயம்பட்டவர்களைக் கவனித்தார், ஓய்வு நேரத்தில் சிப்பாய்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். நான்கு வருடத்துக்கும் மேலாகச் செய்த இந்த வேலைக்குச் சம்பளம் ஒரு டாலர்கூட வாங்கவில்லை. போருக்குப் பின் சவானாவுக்குத் திரும்பி மாதம் ஒரு டாலர் கட்டணத்தில் வீட்டிலேயே பள்ளி நடத்தினார். இலவசப் பள்ளி ஒன்று திறந்ததும் பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். கணவரும் இறந்துபோக, வீட்டு வேலைக்குப் போனார். பிறகு பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்து மறுமணம் செய்துகொண்டார். அந்தக் கணவர் வழியில் வந்ததுதான் டெய்லர் என்ற பெயர்.

1902-ல் சூசி கிங் டெய்லர் தன் போர்க்கால நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அந்தப் போரின் முகாம் வாழ்க்கையைக் கறுப்பினப் பெண் ஒருவர் தானே எழுதிய நூல் அது ஒன்றுதான். அதில் 1898-ல் நடந்த ஒரு சம்பவம் வருகிறது. லூசியானாவில் மகன் மரணப் படுக்கையில் இருக்கிறான் என்று தந்தி வந்து ரயில் ஏறுகிறார். தெற்கே போகப் போக, கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய புகை பிடிக்கும் பெட்டிக்கு மாற்றப்படுகிறார். மகனை வடக்கே அழைத்து வந்துவிடலாம் என்று பார்த்தால், நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டுவரப் படுக்கைப் பெட்டியில் இடம் தர மறுத்துவிடுகிறார்கள். மகன் அங்கேயே இறந்தான். போர் முடிந்து முப்பத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவரும் 1912-ல் பாஸ்டனில் இறந்தார். அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் வைக்கப்பட்டது 2021-ல்.

சதுக்கத்தின் பெயரை மாற்ற வேண்டும் என்று உள்ளூர்க் கறுப்பினப் பெண்கள் இருவர் முன்னின்று கோரிக்கை எழுப்பினார்கள். எதிர்ப்பும் இருந்தது. பெயரை எடுத்தால் வரலாறு மாறிவிடுமா, இன்று கால்ஹூன் என்றால் நாளை யார், இதற்கு முடிவு எங்கே என்று கேட்டார்கள். நியாயமில்லாத கேள்விகள் என்று தள்ளிவிட முடியாது. பெயர் மாற்றங்களைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்சி மாறினால் தெருப் பெயர் மாறும். ஒரு பெரிய மனிதரின் பலகை இறங்கிய இடத்தில் இன்னொரு பெரிய மனிதரின் பலகை ஏறும். தபால்காரர் மட்டும் பழைய பெயரை நினைவில் வைத்திருப்பார்.

சவானாவில் நடந்தது கொஞ்சம் வேறு விதம். 2022 நவம்பரில் நகர சபை கால்ஹூன் பெயரை நீக்கியது. உடனே இன்னொரு பெயரை வைக்கவில்லை. ஊராரிடம் யோசனை கேட்டார்கள். ஒன்பது மாதத்துக்கு அந்தச் சதுக்கத்துக்குப் பெயரே இல்லை. 2023 ஆகஸ்டில் சூசி கிங் டெய்லர் பெயர் முடிவாயிற்று. சவானாவின் சதுக்கங்களில் ஒரு பெண்ணின் பெயர் தாங்கியதும், ஒரு கறுப்பினத்தவரின் பெயர் தாங்கியதும் இதுதான் முதலாவது. நான் பார்த்தபோது நடுவில் சிலை எதுவும் இல்லை. மற்ற பல சதுக்கங்களில் யாராவது தளபதி நின்றுகொண்டிருப்பார். இங்கே நடுவில் வெறும் நிழல்.

சிலை வைப்பதிலும் வில்லங்கம் உண்டு. பத்துப் பன்னிரண்டு தெருக்கள் வடக்கே ரைட் சதுக்கம். ஓகல்தார்ப் இங்கே குடியேற இடம் கொடுத்த பூர்வகுடித் தலைவர் டோமோசிச்சி 1739-ல் இறந்தபோது அந்தச் சதுக்கத்தின் நடுவில்தான் புதைத்தார்கள். சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஓகல்தார்ப்பும் ஒருவர். 1883-ல் அதே நடு இடத்தில் ரயில்வே கம்பெனி முதலாளி ஒருவருக்கு நினைவுத் தூண் எழுப்பினார்கள். பிறகு மனசாட்சி உறுத்தி, 1899-ல் ஒரு பெரிய கருங்கல்லைக் கொண்டுவந்து டோமோசிச்சியின் பெயரைப் பதித்து ஓரத்தில் வைத்தார்கள். இடம் கொடுத்தவர் ஓரத்திலும் ரயில் விட்டவர் நடுவிலுமாக இன்றும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் அமெரிக்காக்காரர்களின் பாவம், நாம் பார்வையாளர்கள் என்று சாய்ந்து உட்காரப் பார்த்தேன். கால்ஹூன் விடவில்லை. அவர் 1804-ல் பட்டம் பெற்றது யேல் கல்லூரியில். அங்கும் ஒரு மாணவர் விடுதிக் கல்லூரிக்கு அவர் பெயர் இருந்தது. 2017-ல் அதை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் மொழிகளின் முன்னோடியான கிரேஸ் ஹாப்பரின் பெயரை வைத்தார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயர் யார் பெயர்? எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை நம் சென்னைக் கோட்டையின் கவர்னர். அங்கே சேர்த்த செல்வத்தோடு லண்டன் திரும்பி, 1718-ல் அனுப்பிய சரக்குப் பொதிகளை விற்ற பணம் 562 பவுன். அதற்கு நன்றியாகக் கல்லூரிக்கு அவர் பெயர். பஞ்சத்தில் ஜனங்கள் விலைபோன 1687-ல், ஒரே மாதத்தில் மட்டும் சென்னைத் துறையிலிருந்து குறைந்தது 665 பேர் அடிமைகளாக ஏற்றுமதியானார்கள். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்ற விதியை நடத்திவைத்த கோட்டைக் கவுன்சிலில் யேலும் இருந்தார். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. விற்றவரின் பெயர் உலகத்துக்கே தெரியும். சாய்ந்து உட்கார்ந்த முதுகு நிமிர்ந்துவிட்டது.

“உங்க கட்டுரை முடிஞ்சுதா?” என்று தம்பி மகள் கேட்டாள். எழுதிய ஒன்றரைப் பக்கத்தை அவளிடம் கொடுத்தேன். தமிழ் எழுத்தைக் கொஞ்சம் தடவித் தடவிப் படிப்பாள். ஒரு வாக்கியத்தில் நின்றாள். ‘அந்தக் காலத்திலேயே ஜாதி வித்தியாசம் பாராமல் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் தம் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்.’

“கொள்ளுத்தாத்தா அவ்வளவு நல்லவரா?”

“ஆமாம். அதுக்காக ஊரிலே சில பேர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திட்டாங்க. அவர் பயப்படலை.”

“எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்தாங்களா?”

எதிரே மாஸி பள்ளி தெரிந்தது. ஏழைக் குழந்தைகளுக்கென்று ஒரு கனவான் எழுதிவைத்த பணத்தில் கட்டி 1856-ல் திறந்த பள்ளி. ஏழைக் குழந்தைகள் என்றால் வெள்ளைக் குழந்தைகள் என்று எழுதாமலே எல்லோருக்கும் புரிந்திருந்தது. அந்த வருடம் சூசிக்கு எட்டு வயது. இதே ஊரில் காகிதத்தில் பொதிந்த புத்தகத்துடன் போய்க்கொண்டிருந்தாள். வடக்குப் படை ஊரில் இருந்த 1865-ல் மாஸி பள்ளியில் சிறிது காலம் கறுப்பினப் பிள்ளைகள் படித்தார்கள். அந்தச் சிறிது காலம் முடிந்ததும் கதவு மறுபடி மூடிக்கொண்டது.

“இல்லை” என்றேன். “சேரிப் பிள்ளைகள் வராந்தாவிலே உட்கார்ந்தாங்க.”

என் அப்பா சொல்லித்தான் தெரியும். அவர் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். வராந்தாப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கரும்பலகையைப் பார்ப்பார்களாம். மழைச் சாரல் அடித்தால் அன்றைக்கு அவர்களுக்கு லீவு. பானையில் அவர்கள் கை படக்கூடாது. உள்ளே இருக்கும் பையன் ஒருவன் மேலே இருந்து ஊற்ற, கையில் ஏந்திக் குடிக்க வேண்டும். ஊற்றுகிற முறை அப்பாவுக்கும் வந்திருக்கிறது. வயதான காலத்தில் அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார் என்பது பொய் இல்லை. சேர்த்துக்கொண்டதற்காகத் தாத்தா பகையைச் சம்பாதித்ததும் பொய் இல்லை. ஆனால் வராந்தாவை விட்டுவிட்டால் அது ஜார்ஜியாவில் அடிமை முறை தடை செய்யப்பட்டது என்ற வாக்கியத்தைப் போலத்தான். தேதி சரி, தகவல் சரி, கதை மட்டும் பாதி.

“தாத்தா பேரை எடுக்கணும்னு சொல்றியா?” என்று அவளிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். தாத்தாவைக் கால்ஹூனோடு சேர்த்து நிறுத்துகிறாளோ என்று எனக்குச் சுருக்கென்றது.

“அப்படிச் சொல்லலை பெரியப்பா. அவர் உள்ளே விட்டதையும் எழுதுங்க. எது வரைக்கும் உள்ளே விட்டார்ங்கறதையும் எழுதுங்க.”

அப்போது ஒரு சுற்றுலா டிராலி வண்டி சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. வழிகாட்டி ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு வீட்டின் பேயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். அமெரிக்காவிலேயே பேய்கள் அதிகம் உலவும் ஊர் என்பது சவானாவின் விளம்பரங்களில் ஒன்று. இரவில் பேய் பார்க்கத் தனி டிக்கெட். சத்தம் தேய்ந்ததும் சதுக்கம் மறுபடி அமைதியாயிற்று. காலையில் அந்த அமைதி எனக்கு வெறும் ஓய்வாக இருந்தது. அப்போது அப்படி இருக்கவில்லை. இரைந்து பேச முடியாத ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

மீதி அரைப் பக்கத்தை அந்த பெஞ்சிலேயே எழுதினேன். வராந்தா, ஜன்னல், சாரல், தண்ணீர். தாத்தா செய்த நல்லதில் ஒரு வார்த்தையையும் குறைக்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடம் பெயர்களைக் கேட்டு வாங்கி, கிடைக்கிற பெயர்களை எல்லாம் மலரில் போடுங்கள் என்று கடைசியில் ஒரு வேண்டுகோளும் சேர்த்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் கட்டுரையை அனுப்பிவைத்தேன். நான்காம் நாள் விழாக் குழுவிலிருந்து போன் வந்தது. நல்ல மனிதர், தூரத்து உறவும்கூட. கட்டுரை பிரமாதம் என்றார். “அந்தக் கடைசி அரைப் பக்கம் மட்டும் வேண்டாமே, நல்ல காரியத்திலே எதுக்கு அதெல்லாம்?” என்றார். போட்டால் முழுவதையும் போடுங்கள், இல்லாவிட்டால் முழுவதையும் விட்டுவிடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். விழா தை மாதம்.